ப போட்டால் திறக்கும்

ஏலம் முடிந்து ஐஸ் தண்ணீர் வடிந்துகொண்டிருந்த கூடத்தில்
நாற்காலி போட்டு உட்கார்ந்தார் அதிகாரி.
ஷூ நனையாமல் காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டார்.
மரியாதையானவர்தான். மைக் வேண்டாம் என்றார்.

இனி டோக்கனுக்கு, டீசலுக்கு, புயல் செய்திக்கு
எல்லாவற்றுக்கும் ஒரே செயலி. பெயர் அலைத்துணை.
படகில் போகிறவர் வேறு எதிலும் பேசக் கூடாது.
"பேசுறது அத்தனையும் பூட்டுக்குள்ள இருக்கும்.
ஒரு சாவி உங்ககிட்ட.
இன்னொண்ணு எங்ககிட்ட, பத்திரமா.
நம்புங்க."

பாம்பனில் வந்து நம்புங்க என்றால்?
கூட்டத்தில் நாலு நம்பு இருந்தார்கள்.
நம்புராஜன், நம்புக்கனி, நம்புவேல், சின்ன நம்பு.
நாலு பேரும் தன்னையோ என்று நிமிர்ந்தார்கள்.
சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

சீலா படுகிற பாரைச் சொந்த மச்சானிடமும் சொல்லாத ஒருவர்
"அந்தச் சாவி எத்தனை பேர் இடுப்புல தொங்கும்?" என்றார்.
பாசி எடுக்கிற பெண்ணொருத்தி
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே கேட்டாள்:
"வனத்துறை போட்டு எந்தத் தீவுல நிக்குதுன்னு
நாங்க பேசிக்கிறது வனத்துறைக்கும் கேக்குமா சார்?"
அவர் தண்ணீர் குடித்தார்.
யாழ்ப்பாணத்துச் சிறையில் புருஷன் கிடக்கிற இன்னாசியம்மாள்
ஒன்றும் கேட்கவில்லை.
போனை மடியில் இன்னும் உள்ளே செருகிக்கொண்டாள்.

"தப்பு செய்யாதவங்க எதுக்குப் பயப்படணும்?"

அப்போதுதான் நான் எழுந்தேன்.
சீனி செல் பாயிண்ட், பாலத்து இறக்கத்தில், பதினோரு வருஷம்.

பழுதுக்கு வருகிற போன்களின் முதுகில்
ஸ்டிக்கர் ஒட்டி எழுதிவைப்பேன்.
ஏழு மாதிரி. ட மாதிரி. ப மாதிரி.
இந்த ஊர்ப் பூட்டெல்லாம் என் மேஜையில்,
மூன்று ரூபாய்ப் பேனாவில்.
ஒருத்தரும் என்னைத் திருடன் என்றதில்லை.
ஐந்து வேளை தொழுகிறவன்.

போன ஐப்பசி. மழை. கடையில் ஆளில்லை.
ஒரு போனுக்கு டிஸ்ப்ளே மாற்றி
ப போட்டேன். திறந்தது.
விரலுக்குத் திரை ஓடுகிறதா என்று பார்க்கத்தான்
படங்களைத் தள்ளினேன். ஓடியது.
பிறகு செய்திகளையும் தள்ளினேன்.
அதற்குத் தேவையே இல்லை.

ஒருத்தி தன் அக்காவுக்கு எழுதியிருந்தாள்.
என்ன என்று கூடத்தில் சொல்லவில்லை,
இங்கேயும் சொல்லமாட்டேன்.
சொன்னது இவ்வளவுதான்:
"நான் நல்லவன் சார். சாவி கையில இருந்துச்சு,
மழை பேஞ்சுச்சு, பாத்துட்டேன்.
உங்க ஆபீஸ்ல மழையே பெய்யாதா?"

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார்.
கூட்டம் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.
ஐப்பசியில் தன் போன் எங்கே கிடந்தது என்று
ஒவ்வொரு முகமும் கணக்குப் போட்டது.

தீர்மானத்தில் முன்னூற்றுப் பதினாறு கையெழுத்து,
நாற்பது கைநாட்டு.
எங்க பூட்டுக்கு எங்க சாவி போதும்.
ஒரே வரி. ராமநாதபுரம் போனது, பதில் இல்லை.
பொங்கலுக்குள் அலைத்துணை வந்துவிடும் என்கிறார்கள்,
வராது என்றும் சொல்கிறார்கள்.

என் கடைக்கு ஒன்பது நாள் யாரும் வரவில்லை.
இரண்டு சார்ஜர் விற்றேன், வெளியூர்க்காரர்களுக்கு.

பத்தாம் நாள் நம்புக்கனி வந்தாள்.
கடல் தண்ணீர் குடித்த போன்.
பழக்கத்தில் பேனாவை எடுத்து, "பேட்டர்ன்?" என்றேன்.
அவள் ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள்.
"திறக்க வேண்டியப்ப சொல்லு. நானே போடுறேன்."

நாலு மணி நேரம்.
டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்,
என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
ஒவ்வொரு தடவையும் முந்தானையால் மறைத்துப் போட்டாள்.
ப இல்லை இப்போது.
தோள் அசைந்ததிலேயே தெரிந்துவிட்டது.

அதுவும் தெரிந்திருக்க வேண்டாம் என்று
பாலத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.